நிர்மலி யாரையும் தொட்டதில்லை

பஸீர் தன் வாழ்நாளில் ஒரேயொரு பேயைத்தான் படைத்தார். அதற்கு நிர்மலி என்று பெயர் வைத்தார். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். கதை எழுதுவது சனிக்கிழமை வேலை. வானொலிக்கு இருபது நாடகம்வரை எழுதியிருப்பார். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. நிர்மலி மட்டும் போகவில்லை. வானொலியிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு, கடைசியில் கைப்பேசிக்கு என்று இருபத்தைந்து வருடமாக ஆள் மாறி மாறி வந்துகொண்டேயிருந்தாள். "உங்கட நிர்மலி" என்று யாராவது சொன்னால் பஸீர் முன்பெல்லாம் பல் தெரியச் சிரிப்பார். இப்போது பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்.

நிர்மலிக்கு முன்னால் தவமலர் இருந்தாள்.

வெள்ளவத்தையில் பஸீரின் வாப்பா கட்டிய வீட்டின் மேல்தட்டில் ஓர் அறையும் சின்னக் குசினியும் இருந்தன. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் லேன்களில் ஒன்றில் இருந்தது அந்த வீடு. தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் மேலறையோ பின்னறையோ வாடகைக்கு விடாத வீடு குறைவு. வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பவர்கள் அந்த அறைகளில் நிறைந்திருந்தார்கள். 1995இல் தவமலரும் அப்படித்தான் வந்தாள். இருபத்தேழு வயது; யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள். கனடாவில் இருந்த ஒருவருக்குச் சாதகம் பொருந்தி, எல்லாம் நிச்சயமாகியிருந்தது. அவர் கூப்பிட்டதும் போகவேண்டியதுதான், ஆறு மாதம் என்றார்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதியவேண்டிய காலம் அது; வாப்பா அவளைக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தார். உம்மா முதல் நாளே "மகள்" என்று கூப்பிடத் தொடங்கினார். பஸீரின் மனைவி ஸீனத்துக்குக் கைக்குழந்தை. தவமலர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டால்தான் ஸீனத் நிம்மதியாகக் குளிப்பாள். பஸீரின் தங்கைமார் அவரை "நானா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, தவமலரும் "பஸீர் நானா" என்றாள்.

ஆறு மாதம் ஒரு வருடமாகி, மூன்று வருடமாயிற்று. தினமும் பதினொரு மணியளவில் தபால்காரரின் சைக்கிள் மணி லேனில் கேட்கும். அது கேட்டு அடங்கியதும் தவமலர் மேல்படியில் வந்து நிற்பாள்.

"தபால்காரர் போயிட்டாரோ?"

போய்விட்டார் என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்பாள். உம்மாவும் கீழேயிருந்து, "போயிட்டாரு மகள், நாளைக்கி வரும்" என்பார்.

1998இல் ஒரு நாள் கடிதம் வந்தது. மாப்பிள்ளை எழுதவில்லை, அவருடைய அக்கா எழுதியிருந்தார். தம்பி அங்கேயே கலியாணம் கட்டிவிட்டான், ஒரு வருடமாகிறது, சொல்ல மனம் வரவில்லை, குறை நினைக்க வேண்டாம் என்று. தவமலர் அதை உம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினாள். அழவில்லை. பின்னேரம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் பதினொரு மணிக்கு மணிச்சத்தம் கடந்துபோயிற்று. அவள் மேல்படியில் வந்து நின்று, "தபால்காரர் போயிட்டாரோ?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. கைப்பிடிச் சுவரில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். காய்ச்சலென்று அன்று வேலைக்குப் போகாத பஸீர், கீழே சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி அதைப் பார்த்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவர் பதின்மூன்று வார நாடகமாக எழுதினார். 'மேல்வீட்டு நிர்மலி' அடுத்த வருடம் ஞாயிறு பின்னேரங்களில் ஒலிபரப்பானது. கடிதத்துக்குக் காத்திருந்து மேலறையிலேயே செத்துப்போன ஒரு பெண். பிறகு அந்த அறைக்குக் குடிவருகிற ஒவ்வொருவரும் பதினொரு மணிக்கு அவள் குரலைக் கேட்கிறார்கள். அவள் யாரையும் தொடுவதில்லை, மிரட்டுவதில்லை. "தபால்காரர் போயிட்டாரோ?" என்று கேட்பாள், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாருமே எதற்காகவோ காத்திருப்பவர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் தங்களுக்கும் இதே கதிதானோ என்று அவர்களுக்கு நெஞ்சு உறையும். பயம் அங்கேதான் இருந்தது. கடைசி வாரம், மனைவியைப் பறிகொடுத்த ஒரு வயதானவர் அந்த அறைக்கு வருகிறார். அவர் தானே ஒரு கடிதம் எழுதி, படியில் உட்கார்ந்து நிர்மலிக்கு வாசித்துக் காட்டுகிறார். அதைக் கேட்டுவிட்டு அவள் போய்விடுகிறாள்.

தவமலரிடம் பஸீர் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கவில்லை. முதல் வாரம் உம்மாவே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். அந்த வசனம் வந்தபோது பஸீருக்குக் காது இரண்டும் சுட்டன. தவமலர் எழுந்து போகவில்லை. பதின்மூன்று வாரமும் இறங்கி வந்தாள். கடைசி வாரம் உம்மா வானொலியை அணைத்ததும் கேட்டாள்.

"அவ ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை, என்ன பஸீர் நானா?"

"இல்ல மலர். அவ அப்பிடிப்பட்டவ இல்ல."

"அப்ப பரவாயில்லை."

பரவாயில்லை என்றதை மட்டும் பஸீர் காதில் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னால் அவள் சொன்னது ஒரு நிபந்தனை என்பது உறைக்க அவருக்குக் கன காலம் பிடித்தது.

2004இல் கொட்டாஞ்சேனையிலிருந்து ராமையா தேடி வந்தார். சின்ன வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, பகலில் செட்டியார் தெரு நகைக்கடையில் வேலையும் பின்னேரத்தில் நாடகமுமாக வாழ்ந்த மனிதர். மனதில் கள்ளம் கிடையாது. நிர்மலியை மேடையேற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ரேடியோவுல கொரலு காதுக்குள்ளயே வந்து நிக்குதுங்க. மண்டபத்துல அறுநூறு பேரு. கடைசி வரிசையில இருக்கிறவனுக்குக் கொரலு மட்டும் பத்தாது. கை தெரியணும்."

"கை என்னத்துக்கு?" என்றார் பஸீர்.

"ஒரே ஒரு எடத்துல ஒருத்தன் கழுத்தப் புடிச்சாப் போதுங்க. சபை ஆடிப்போயிரும்."

ஒரு வாரம் பஸீர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒத்திகை பார்க்கப் போனார். அந்த இடம் வந்தபோது பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றுவதை மறந்து நின்றதைப் பார்த்தார். தன் எழுத்துக்கு அப்படி ஒரு மனிதர் திகைத்து நின்றதை அவர் அதுவரை நேரில் கண்டதில்லை. வானொலிக்காரனுக்குக் கேட்பவர் முகம் தெரியாது. அந்த ருசிக்கு மனம் இளகிவிட்டது. மேடையில் சிரிப்பும் வேண்டுமென்று வயதானவர் குடிகாரராக மாறினார். குடிகாரர் கடிதம் எழுதுவாரா? ஆகவே கடிதமும் போயிற்று. கடைசியில் நிர்மலியைச் சாமியார் ஒருவர் வேப்பிலையால் அடித்து விரட்டினார்.

தவமலர் அப்போது இரண்டு லேன் தள்ளிப் பெரிய மேலறையொன்று எடுத்து வகுப்பு நடத்தினாள். நாற்பது பிள்ளைகள், வெள்ளவத்தையில் 'தவமலர் மிஸ்' என்றால் தெரியும். நாடகத்துக்கு அவள் தானே டிக்கட் எடுத்து வந்திருந்தாள். முடிந்து சனம் கலையும்போது வாசலில் பஸீருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இண்டைக்கு அவ கழுத்தைப் பிடிச்சவ."

"மேடைக்கி அப்பிடி வேணுமாம், மலர். சனம் பாக்கோணுமே."

"ம்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தது 2011இல். கதையும் பாத்திரங்களும் எல்லா வடிவங்களிலும் கம்பனிக்கே உரித்து என்று ஒரு தாளில் இருந்தது. பஸீர் அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். இனி யார் இதைத் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தார். மேடைக்கு ஒரு கழுத்துப் போதுமாயிருந்தது. தொலைக்காட்சிக்கு ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னாலும் ஒன்று வேண்டியிருந்தது. நிர்மலிக்கு வெள்ளைச் சேலை வந்தது, முழங்கால்வரை கூந்தல் வந்தது. தனக்குக் கிடைக்காத வாழ்வு யாருக்கும் கிடைக்கக்கூடாதென்று கலியாணப் பெண்களாகப் பார்த்துக் கொன்றாள். கொல்லுமுன் "தபால்காரர் போயிட்டாரோ?" என்று இழுத்துக் கேட்டாள். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளிடையே அது பைத்தியமாகப் பரவியது. பள்ளிக்கூட வாசலில் ஒருவன் கேட்பான், மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து இளம்பெண் ஒருத்தி பேட்டிக்கு வந்தாள். நிர்மலி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. கற்பனை என்று பஸீர் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மைக் கதை என்றால் ஒரு கனம் உண்டல்லவா? அந்தப் பிள்ளை பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசையாக இருந்தது.

"எங்கட வீட்டு மேலறையில குடி ஈந்த ஒரு பொம்புளைதான். இன்னமும் வெள்ளவத்தையிலதான் ஈக்கிறாங்க. படிப்பிக்கிறாங்க."

பெயரைச் சொல்லவில்லை. அதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார். மேல்படியில் அவரை நிற்கவைத்துப் பிடித்த படத்தோடு பேட்டி வந்தது.

பத்து நாள் கழித்து ஸீனத் சந்தையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"மலருட வகுப்புக்குக் கீழ பொடியன்மார் நிண்டு கத்துறானுகளாம். தபால்காரர் போயிட்டாரோ எண்டு. வகுப்பு முடியுமட்டும் கத்துறானுகளாம்."

"சின்னப் புள்ளயள் தானே. ரெண்டு நாள்ல உட்டுடுவானுகள்."

"ஒருக்காப் போய் என்னண்டு பாருங்களே."

"நான் போய் என்னத்தச் செல்ற?"

அவர் போகவில்லை. தொடர் உச்சத்தில் இருந்த காலம். கூட்டங்களுக்கு அழைத்தார்கள், மாலை போட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டார். பிறகு, இத்தனை நாள் போகாமல் இருந்துவிட்டு இனி எந்த முகத்தோடு போவது என்று விட்டேவிட்டார். அதற்குள் கத்தல் பெரியவர்களிடம் கதையாக மாறிவிட்டது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த ஒரு தாய், வாழ்வு கைகூடாதவளின் கண் படக்கூடாதென்று இளைய பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி நிறுத்தினாள். வருட முடிவில் நாற்பது பிள்ளைகள் ஒன்பதாகிவிட்டன. 2012 தொடக்கத்தில் தவமலர் அறையை விட்டுவிட்டு வத்தளைக்குப் போனாள். போகுமுன் உம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள், பஸீர் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

"என்னப்பத்தி என்ன சென்னாங்க?" என்று பின்னேரம் உம்மாவிடம் கேட்டார்.

"ஒண்டும் செல்லல்ல, மகன்" என்றார் உம்மா.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதன்பிறகு பேனையை எடுத்தால் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. உம்மா காலமானார். பஸீர் ஓய்வு பெற்றார். தொடர் முடிந்து, சனம் அதை மறந்தும் போயிற்று.

போன வருடம் திலக்ஷன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பிள்ளை. கம்பனியிடமிருந்து உரிமையை வாங்கி, கைப்பேசியில் பார்க்கிற குறுந்தொடராக நிர்மலியை எடுக்கிறான். பழைய ஆளென்று ஒரு மதிப்புக்குப் பிரதியைக் கொண்டுவந்து கையில் தந்தான். பஸீர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து வாசித்தார்.

இந்த நிர்மலிக்குக் கனடாவில் யாருமே இல்லை. நிச்சயமான கதையே அவள் கட்டிவிட்ட பொய். தனக்குத் தானே கடிதம் எழுதித் தபாலில் போடுகிறாள். அவள் குறிவைப்பது வீட்டுக்காரரின் மகனை. கலியாணமாகிக் கைக்குழந்தையும் உள்ள நல்ல மனிதன், கதை எழுதுகிறவன். உயிரோடிருக்கும்போது அவனை மயக்கப் பார்க்கிறாள், செத்த பிறகு பிடித்துக்கொள்கிறாள். கடைசியில் மனைவி அவனை மீட்கிறாள். அதாவது, மற்ற எல்லாரும் தேய்ந்து தேய்ந்து போன கதையில், பஸீர் மட்டும் கதாநாயகனாகியிருந்தார்.

"இது பிழை மகன்" என்றார், திலக்ஷன் மறுபடி வந்தபோது.

"எது அங்கிள்?"

"அவக்கு ஒரு ஆள் ஈந்திச்சி. அது பொய்யில்ல."

"ஆருக்கு? நிர்மலிக்கா?"

பஸீர் பிரதியை மூடி அவனிடம் நீட்டினார். திலக்ஷன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். "அங்கிள், முதல் பத்து செக்கனுக்குள்ள ஆளைப் பிடிக்கோணும். இல்லாட்டி விரலால தள்ளிட்டுப் போயிடுவினம். பாவப்பட்ட பேயை இப்ப ஒருத்தரும் பார்க்கிறேல்ல. அதோட ஷூட்டிங் பாதி முடிஞ்சுது. உங்களுக்கு விருப்பமில்லாட்டி பேரை எடுத்துவிடுறன்."

"எடுங்க" என்றார் பஸீர். அந்த ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது.

படம் வெளிவருமுன் தவமலருக்குத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. விலாசம் தெரியாது. தயங்கித் தயங்கி ஸீனத்திடம் கேட்டார். ஸீனத் தன் ஃபோனை எடுத்து நம்பரைக் காட்டினாள். பன்னிரண்டு வருடமும் அது அவளிடம் இருந்திருக்கிறது.

"நீங்க கேக்கல்லையே" என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை பஸீர் நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறி, களனி ஆற்றைத் தாண்டி வத்தளையில் இறங்கினார். சின்ன வீடு. முன்னறையில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள், சுவரில் வெள்ளைப்பலகை, அதில் பாதி அழித்த ஒரு சமன்பாடு. தவமலருக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. அவரைக் கண்டு திடுக்கிடவில்லை, ஸீனத் சொல்லியிருப்பாள். பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பஸீர் புதுத் தொடரின் கதையைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அதில அவவுக்கு மாப்பிள்ளையே இல்லையோ?"

"இல்ல. அவ சும்மா செல்றா எண்டு வருது."

தவமலர் வெள்ளைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூண்டு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். அதையும் எடுத்திட்டினம், என்ன."

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தன், மலர். அண்டைக்கு நாடகத்துல நான் கை வைக்க உட்டதுதான் எல்லாத்துக்கும் தொடக்கம். டீவிக்காரனுக்குக் குடுத்ததும் பிழை."

"அதுக்கு நான் கோவிக்கேல்லை." அவள் குரல் உயரவில்லை. பிள்ளைக்குக் கணக்குத் திருத்துகிற அதே நிதானம். "பேய்க் கதை, கை மாறினா மாறும். நிர்மலி கழுத்தைப் பிடிக்கட்டும், கொல்லட்டும், நான் அவ இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆள் வெள்ளவத்தையில இருக்கிறா எண்டு பேப்பருக்குச் சொன்னது நிர்மலி இல்லை, பஸீர் நானா. அது நீங்கள்."

பஸீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பொடியள் படிக்குக் கீழ நிண்டு கத்தேக்க நான் ஒவ்வொரு நாளும் நினைச்சனான், நீங்கள் ஒருக்கா வருவியள் எண்டு. கதை எழுதினவர் வந்து, டேய் அது நான் சும்மா எழுதினது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நிண்டிருக்கும். ரெண்டு லேன்தானே."

"வரோணும் எண்டுதான் ஈந்தேன்."

"தெரியும்."

வெளியே கேற் திறக்கும் சத்தமும் பிள்ளைகளின் பேச்சும் கேட்டன. தவமலர் எழுந்து பலகையில் மிச்சமிருந்ததை அழித்தாள்.

"இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நான் கணக்கு மிஸ், அவ்வளவுதான். நீங்கள் ஆரெண்டு பிள்ளையள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. இனி வராதேங்கோ. ஸீனத்தோட நான் கதைச்சுக்கொள்ளுவன்."

தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது. பஸீர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உள்ளே வந்த பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு வெளியே வந்தார். சுட்ட நாக்கு இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது.

தொடர் ஜனவரியில் வந்தது. முதல் நாளே ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். பெயர்ப் பட்டியலில் பஸீர் இல்லை; திலக்ஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஆனால் பழைய ஆட்களுக்குத் தெரியுமே. யூடியூப் நடத்துகிற ஒருவர் எப்படியோ நம்பர் பிடித்து அழைத்தார். நிர்மலி உண்மையில் வாழ்ந்த பெண்ணாமே, இன்னும் உயிரோடு இருக்கிறாராமே, எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்லை" என்றார் பஸீர், வானொலிக்கு எழுதுகிற தமிழில். "முழுக்க முழுக்கக் கற்பனை. எங்கள் மேலறையில் யாரும் இருந்ததுமில்லை, எதற்கும் காத்திருந்ததுமில்லை. அந்தப் பேட்டியில் நான் பெருமைக்குச் சொன்னது பொய்."

அழைப்பைத் துண்டித்தார். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் கடைசியாகச் செய்தது, அவள் அந்தப் படியில் நின்ற மூன்று வருடத்தையும் தன் வாயாலேயே இல்லையென்றாக்கியதுதான். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஸீனத் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத பதின்மூணு வருசத்துக்கு முந்திச் செல்லியிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் ஸீனத்தும் தவமலரும் ஃபோனில் கதைக்கிறார்கள். முன்பு ஒளித்துக் கதைத்தது இப்போது வெளிச்சமாக நடக்கிறது. பஸீர் முன்னறையில் டீவி பார்த்துக்கொண்டிருப்பார். ஸீனத் சிரிக்கும்போது சத்தத்தைக் குறைத்துவிடுவார். என்ன கதைத்தீர்கள் என்று அவர் கேட்பதில்லை. ஸீனத்தாகச் சொன்னால் உண்டு. போன கிழமை ஒன்று சொன்னாள்: சாதாரண தரப் பரீட்சையில் மலருடைய பிள்ளைகள் பதினொரு பேருக்குக் கணிதத்தில் ஏ சித்தி. பஸீர் தலையாட்டினார். சந்தோஷம் என்று சொல்லிவிடச் சொல்லலாமா என்று வாயெடுத்தார். அதற்குள் ஸீனத் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போய்விட்டாள்.